ஈரவட்டத்தில் இரண்டு மாமாக்கள்

எங்கள் கார்ப் பத்திரிகையின் சோதனை ஓட்டுநரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தெரு வைத்தது. காலையில் அவர் தன் பழைய சாம்பல்நிறக் காரைக் கிளப்பிக்கொண்டு போகும்போது சைக்கிளில் வருகிறவர்கள் தாண்டிப் போய், உள்ளே யாராவது உடம்புக்கு முடியாதவர் படுத்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் வந்த அமரர் ஊர்தி ஒன்று ஹாரன் அடித்து வழி கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. பேச்சு இல்லை, உண்மை. அன்று நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன்.

இதே மனிதர்தான் ஊருக்கு வெளியே இருக்கிற சோதனைத் தடத்தில், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நனைந்த தார்மீது வட்டம் வட்டமாக விரட்டி, எந்த டயர் எந்த இடத்தில் காலை வாரும் என்று சொல்கிறவர். வேகக் கார்களுக்கான கோடை டயர்களை வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் ஒப்பிட்டுப் போடுகிறோம். எங்கள் பத்திரிகையில் கடைக்குப் போன வேகத்தில் தீர்ந்துபோகிற இதழ் அது ஒன்றுதான். தெருவில் மட்டும் ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சம்பளத்துக்குச் சறுக்கினால் அது வேலை, சும்மா சறுக்கினால் அது கிறுக்கு என்றார். கொஞ்ச தூரம் போனபின், தன் மனைவிக்குக் காரில் ஏறினால் குமட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

சோதனைக்கு வரும் டயர்களின் பக்கச்சுவரில் கறுப்புச் சாயம் பூசி, கம்பெனிப் பெயரை மறைத்துவிடுவோம். பெயர் தெரிந்தால் யாருக்கும் அபிப்பிராயம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பெயரில்லாத டயரை என்னவென்று சொல்வது? நிதானம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு சுற்று ஓட்டியதும் அந்த டயருக்கு ஒரு உறவுமுறை கொடுத்துவிடுவார்.

“இது மச்சான். மொத ரெண்டு ரவுண்டு தோள்ல கை போட்டுட்டு வரும். சூடு ஏறுச்சுன்னா ஆளையே காணோம்.”

சம்பந்தி என்று ஒரு ரகம் உண்டு. சத்தமே போடாது, மரியாதையாக உருளும், ஆனால் மனதில் என்ன இருக்கிறதென்று கடைசிவரை ஸ்டியரிங்குக்குச் சொல்லாது; ஒருநாள் திடீரென்று முறித்துக்கொள்ளும். புது மாப்பிள்ளை என்று ஒன்று: பார்க்க அகலமாக, பளபளவென்று இருக்கும். தார் சரியான சூட்டில், சரியான வழவழப்பில் இருந்தால்தான் வேலை செய்யும், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அத்தை எதற்கும் அலட்டிக்கொள்ளாது, எல்லா வளைவிலும் ஒரே மாதிரி.

தடத்தின் ஓரத்துத் தகரக் குடிலில் உட்கார்ந்து, வாக்கிடாக்கியில் அவர் சொல்வதைக் கேட்டு எழுதுவது என் வேலை. பிறகு அச்சுக்குப் போகிற தமிழாக மாற்றுவேன். மச்சான், ‘தொடக்கத்தில் உற்சாகமான பிடிப்பு, வெப்பநிலை உயர்கையில் ஈடுபாடு குறைகிறது’ என்றாகும். வாசகர்கள் எங்கள் நடையைப் பாராட்டி எழுதுவதுண்டு. பாராட்டு சேர வேண்டியது அவருடைய சொந்தக்காரர்களுக்கு.

அந்தச் சொந்தக்காரர்களில் பெரியவர் அவருடைய மாமனார். நான் அந்த வீட்டு மாடியில் குடியிருப்பதால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் குரலை இன்னும் நன்றாகத் தெரியும். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு இருந்தார். மாப்பிள்ளையின் வேலையில் அவருக்கு ஒரு ஆட்சேபணை, அதைச் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் சொல்வார்.

“காலைல கெளம்பி, சாயங்காலம் வரைக்கும் சுத்தி, கெளம்புன எடத்துக்கே வர்றதுக்குப் பேரு உத்தியோகமா மாப்பிள்ளை?”

நீங்களும் ஏறி இறங்கி அதே தரைத்தளத்துக்குத்தானே அப்பா வந்தீர்கள் என்று மகள் ஒருதரம் கேட்டுவிட்டாள். அவர் கொஞ்சமும் அசையவில்லை. “நானாவது மேல போனேன்” என்றார்.

நிதானம் இதற்கெல்லாம் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். அவருடைய வாயெல்லாம் வாக்கிடாக்கியில்தான்.

இந்த வருடம் எங்கள் பத்திரிகை ஆசிரியை ஒரு அளவுப்பெட்டி வாங்கினார். காருக்குள் பொருத்தினால் வளைவு, வேகம், பிரேக் எல்லாவற்றையும் கோடாகப் போட்டுத் தரும். பெட்டி வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு உறுத்தல். பெட்டியின் கணக்கை யார் கேட்டாலும் காட்டலாம். ஓர் ஆளின் முதுகுத்தண்டு சொல்வதை எதைக் காட்டி நிரூபிப்பது? கெட்டவர் இல்லை; கேள்வி நியாயமானதுதான். நிதானத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து நேராகவே சொன்னார். இந்தத் தடவை ஒரு செட் டயர் இரண்டாவது முறையும் வரும். எது என்று சொல்ல மாட்டேன். அது எந்த உறவு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும், மதிப்பெண்ணும் முதலில் கொடுத்ததையே கொடுக்க வேண்டும். ஒரு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. தவறினால் அடுத்த மாதத்திலிருந்து காரைப் பெட்டியும் புதிதாக ஒரு ஓட்டுநரும் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்து இருக்கை உறை, கார் வாசனைப் புட்டி ஒப்பீடுகளைக் கவனிக்கலாம்.

வாசனைப் புட்டி என்ற சொல் அவரை அறைந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போகிறபோது இன்னும் மெதுவாக ஓட்டினார். அப்படி ஒரு வேகம் உண்டென்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

விஷயம் வீட்டில் தெரிந்தது. மனைவி பயிற்சி கொடுக்க முன்வந்தாள். கண்ணைக் கட்டி மூன்று கோப்பை தேநீர் வைத்தாள். முதல் கோப்பை சித்தி என்றார், இரண்டாவதை மச்சான் என்றார், மூன்றாவது தெரியாத ஆள் என்றார். மூன்றும் ஒரே பாத்திரத்தில் இருந்து ஊற்றியது. மாமனார் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. படியிறங்கி வந்த என்னிடம் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், மெல்லச் சொன்னாள்: “இவருக்கு அந்த சீட் போச்சுன்னா, வீட்டுக்குள்ளயே வட்டம் போட ஆரம்பிச்சிடுவாரு. என்னால தாங்க முடியாது.”

சோதனை நாள் வெயிலோடு விடிந்தது. தடத்தின் நடுவிலிருந்த தண்ணீர்த் தெளிப்பான்கள் வட்டப் பாதையை நனைத்துக்கொண்டிருந்தன. தார்மேல் ஒரு சவ்வு போலத் தண்ணீர். அதில் வானம் பாதி எழுதி அடித்ததுபோல் கிடந்தது. சிவப்புக் கார் கொட்டகையில் எடை பார்க்கும் பலகைமேல் நின்றது. பக்கத்து இருக்கையில் ஆளுக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டையைப் பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்தோம். எடை எல்லாச் சுற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி.

டயர் மாட்டுகிறவரை நெம்புகோல் என்போம். கை அப்படி. ஆனால் எண்களோடு அவருக்கு ஒத்துப்போகாது, அதில் அவர் தப்பும் இல்லை. சக்கரத்தில் ஆறு என்று எழுதிச் சுவரில் சாய்த்தால், அது உருண்டு திரும்பி ஒன்பதாக நிற்கிறது. முன்பு இதனால் ஒருதடவை ஏச்சு வாங்கியிருந்தார். அதிலிருந்து, நிதானம் என்ன உறவு சொல்கிறாரோ அதையே சாக்பீஸால் சக்கரத்தில் எழுதி வைப்பார். அத்தை தலைகீழாக நின்றாலும் அத்தைதான் என்பது அவர் கட்சி.

முதலில் அத்தை ஓடியது. இரண்டாவதாக வந்த செட்டில் நிதானம் வழக்கத்தைவிட அதிகம் சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாமா” என்றார். என்ன மாமா என்று கேட்டேன். “என் மாமனார்தான். சத்தம் ஜாஸ்தி, பத்துக்கு மூணு போடு. திருப்புனா ஒடனே கேக்காது, தனக்காத் தோணணும், அதுக்கு அஞ்சு. ஆனா ஈரத்துல இதுவரைக்கும் கைவிடல. ஒம்போது.” எழுதிக்கொண்டேன். அப்புறம் மச்சான், அப்புறம் சம்பந்தி. ஐந்தாவது செட்டில் ஏறியதும் சிரிப்புச் சத்தம் வந்தது. “இதுவும் மாமாதான்டா. எங்கம்மாவோட தம்பி. கேட்டதெல்லாம் ஒடனே குடுத்துடுது, அப்புறம் அதுகிட்டயே ஒண்ணும் இல்ல. தண்ணியக் கண்டா ஆடுது.” கடைசியில் புது மாப்பிள்ளை வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிற்று.

கொட்டகையில் நெம்புகோல் இரண்டு செட்டுக்கும் ‘மாமா’ என்று எழுதினார். குடும்பம் கலையக் கூடாது என்று எட்டுச் சக்கரத்தையும் ஒரே சுவரில் சாய்த்தும் வைத்தார்.

சாப்பாட்டு வேளைக்கு மாமனார் வந்தார். மாப்பிள்ளை டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொண்டுவர வேறு ஆள் கிடைக்காததுபோல் குடையும் கையுமாகப் பஸ் பிடித்து வந்துவிட்டார். சுற்றுகிற இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் இருந்திருக்கும். தடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, “வட்டமாத்தான் இருக்கு” என்றார்.

அந்த நேரம் பார்த்து நெம்புகோல் காரைச் சுத்தம் செய்கிறேன் என்று மணல் மூட்டையை இழுக்க, அது கதவோரத்து இரும்பில் மாட்டிக் கிழிந்து கொட்டகை முழுக்க மணல். ஆசிரியை தலையில் கைவைத்தார். அதே எடைக்கு இன்னொன்றை எங்கே தேடுவது? நான் ஒல்லி. நெம்புகோல் இரண்டு மூட்டை. எல்லோருடைய கண்ணும் மெதுவாக மாமனாரிடம் போய் நின்றது.

காரை நிறுக்கிற பலகைமேல் அவரை ஏற்றினோம். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. குடையை வாங்கினோம். செருப்பைக் கழற்றினார். அப்புறம் பைகளில் கைவிட்டு எடுக்க ஆரம்பித்தார்: டார்ச், மூக்குக்கண்ணாடிக் கூடு, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவிக்கொத்து, மடித்துவைத்த இன்னொரு பை. முள் மணல் மூட்டையின் எடையில் வந்து நின்றபோது ஆசிரியைக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டுவிட்டு விதிகளைச் சொன்னார்: சாயக் கூடாது, எதையும் பிடித்து இழுக்கக் கூடாது, முக்கியமாகப் பேசக் கூடாது.

“லிஃப்ட்ல எத்தன வருஷம் பேசாம நின்னேன் தெரியுமாம்மா” என்றார் மாமனார். சோதனை முடியும்வரை அவர் பேசியது அவ்வளவுதான். ஓட்டுநர் இருக்கையில் நிதானம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியை நெம்புகோலைத் தனியே அழைத்து, இரண்டாவதாக ஓட்டியதைத் திரும்ப மாட்டச் சொன்னார். இரண்டாவது எது? மாமா என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. சுவரில் மாமாக்கள் வரிசையாக நின்றார்கள். கைக்கு எட்டிய நான்கை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினார்.

கார் ஈரவட்டத்துக்குள் நுழைந்தது. முதல் சுற்று மெல்ல. இரண்டாவதில் வேகம் கூட்டினார். மூக்கு ஒழுங்காகத்தான் திரும்பியது. பின்பக்கம்தான் வேறு ஊருக்குக் கிளம்பியது. தண்ணீரைச் சீப்பால் வாரியதுபோல் ஒரு விசிறி எழுந்தது, சிவப்புக் கார் ஒன்றரைச் சுற்று சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றது. வாக்கிடாக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. பக்கத்து ஹெல்மெட் அசையவில்லை, விதியை மீறவில்லை.

பிறகு நிதானத்தின் குரல் வந்தது. “முன்னாடி மாமா. பின்னாடியும் மாமா. ஆனா வேற மாமா.”

ஆசிரியை என்னைப் பார்த்தார். பின்னாடி யாரை ஏற்றினீர்கள் என்று கேட்டார். அந்தக் காரில் பின்னிருக்கையே கிடையாது. அதிர்ச்சியில் உளறுகிறார் என்று முடிவுகட்டி, முதலுதவிப் பெட்டியோடு ஓட இருந்தவரை நிறுத்தி, நெம்புகோல்தான் சுவரைக் காட்டி, இழுத்து இழுத்துச் சொன்னார்: “மேடம்… மாமா ரெண்டு செட்டு இருக்காங்க மேடம்.”

விளக்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தாய்மாமனும் மாமா, பெண்டாட்டியின் அப்பாவும் மாமா; கூப்பிடும்போது எல்லாம் ஒன்று, ஈரத்தில் மட்டும் வேறு வேறு. ஆசிரியை நெம்புகோலைத் திட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். அவர் வீட்டிலும் இரண்டு மாமா உண்டு. ஆனால் சோதனையில் அவர் இறங்கி வரவில்லை. முன்னும் பின்னும் வேறென்று கார் சுழன்றபின் யாருக்கும் தெரியும், இது கணக்கில் சேராது என்றார். ஒரே செட்டாக நான்கையும் மாட்டி மறுபடி ஓடட்டும். எந்த மாமா என்று நெம்புகோல் உரக்கக் கேட்க வாயெடுத்தார். ஆசிரியை அவர் வாயைப் பொத்தாத குறையாக, தான் ரகசியமாகப் போட்டுவைத்திருந்த குறியைப் பார்த்து, விரலால் சக்கரம் சக்கரமாகத் தொட்டுக் காட்டினார்.

மாமனாரிடம், பயமாக இருந்தால் இறங்கிவிடலாம் என்றோம். ஹெல்மெட் இடமும் வலமும் ஆடியது. பேசக் கூடாதல்லவா.

இந்தத் தடவை கார் ஈரவட்டத்தில் நூல் பிடித்ததுபோல் போயிற்று. ஒரு சுற்று, இரண்டு. நான் பேனாவைத் திறந்து காத்திருந்தேன். எப்போதும் இரண்டு சுற்றில் சொல்லிவிடுகிறவர், சொல்லவில்லை. இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், வளைவில் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார், ஆனாலும் வாக்கிடாக்கி ஊமையாகவே இருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை போல என்று ஆசிரியை முணுமுணுத்தார். குரலில் வருத்தம்தான் இருந்தது.

எனக்கு வேறு மாதிரி தோன்றியது. அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். காலையில் என்னிடம் சொன்னது அத்தனையையும் இப்போது சொல்லியாக வேண்டும்; அதுவும் அந்த ஆளையே பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு. அம்மாவின் தம்பி என்று சொல்லிவிட்டால் வீட்டில் நிம்மதி. ஆனால் சீட் போய்விடும், மிச்ச காலத்துக்கு வாசனைப் புட்டிகள்.

“சொல்லுங்க, எந்த மாமா?” என்றார் ஆசிரியை, வாக்கிடாக்கியை என்னிடமிருந்து வாங்கி.

கார் பாதி வட்டம் போனது.

“மாமனார்” என்றார் நிதானம்.

 ஆசிரியை தன் காகிதத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மதிப்பெண் சொல்லுங்கள் என்றார்.

“ஈரத்துல பிடிப்பு, ஒம்போது. இதுவரைக்கும் கைவிடல.” வளைவு வந்தது. “திருப்பத்துக்கு அஞ்சு. சொன்ன ஒடனே கேக்காது. தனக்காத் தோணணும்.”  எஞ்சின் இரைச்சல் மட்டும். “சத்தம்… நாலு.”

காலையில் மூன்று. ஒரு புள்ளி மன்னிப்பு உண்டு. அதை எங்கே செலவழிப்பதென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆசிரியை காகிதத்தை மடித்தார். அடுத்த வருடமும் நீங்கள்தான், காரை உள்ளே கொண்டுவாருங்கள் என்று வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டு, என்னிடம் தேநீர் இருக்கிறதா என்று கேட்டார். நெம்புகோல் மணலைக் கூட்டத் தொடங்கினார்.

கார் கொட்டகைப் பக்கம் திரும்பி வந்து, வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடிக்குள் இரண்டு ஹெல்மெட்டும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருந்தன. ஓட்டுகிற ஹெல்மெட் குனிந்தது, பக்கத்து ஹெல்மெட் ஆடியது. பின்பு கார் அப்படியே வளைந்து, யாரும் சொல்லாமலே ஈரவட்டத்துக்குப் போயிற்று.

“யார் போகச் சொன்னது?” என்றார் ஆசிரியை. வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தார்; அதில் ஏற்கெனவே குரல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் பொத்தானை விட மறந்திருந்தார்கள் போல. மணல் மூட்டைக்கு வாய் திறந்துவிட்டிருந்தது.

“அஞ்சா? என்ன அஞ்சு? இப்பத் திருப்புங்க மாப்பிள்ளை. ம், திருப்புங்க… பாத்தீங்களா, ஒடனே கேக்குது.”

“ஒடனே இல்ல மாமா. கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான்.”

“நீங்க மெதுவாத் திருப்புறீங்க. இன்னொருதரம் போங்க.”

கார் இன்னொருதரம் போயிற்று. நான் ஆசிரியையைப் பார்த்தேன். ‘திருப்பம்’ என்ற கட்டத்தில் எழுதிய ஐந்தை மாற்றக் கூடாது என்று பேனாவைச் சுட்டி எனக்கு எச்சரிக்கை செய்துவிட்டு, தேநீரை உறிஞ்சியபடி அவர் சொன்னார்: “ஓடட்டும். தண்ணி இன்னும் காயல.”